அஞ்செட்டிப் பிள்ளையும் பின்லாந்துப் பிள்ளையும்: முன்பருவக் கல்விக் கொள்கைகளை ஒப்பிடும் முறை

"பின்லாந்தில் ஏழு வயது வரைக்கும் பள்ளிக்கூடமே கிடையாது." தர்மபுரியில் ஆசிரியர் கூட்டமானாலும் ஓசூரில் பெற்றோர் கூட்டமானாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. அங்கே 1ஆம் வகுப்பு 7 வயதில்தான். ஆனால் 6 வயதில் ஓராண்டு முன்தொடக்கக் கல்வி 2015 ஆகஸ்ட் முதல் கட்டாயம், ஆண்டுக்குக் குறைந்தது 700 மணி நேரம். அதற்கும் முன்பே, பெற்றோர் விடுப்பு முடிந்ததுமே நகராட்சியிடம் பிள்ளைக்கு இடம் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இது தெரியாமல் "அப்புறம் பால்வாடியில் எதற்கு ஆடலும் பாடலும்?" என்று கேட்டால், இல்லாத பின்லாந்தை வைத்து இருக்கிற பால்வாடியை எடை போட்டதாகிவிடும்.

ஒப்பீடுகள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன. ஒரு நாட்டின் பள்ளிச் சேர்க்கை வயதை எடுத்து இன்னொரு நாட்டின் பராமரிப்புத் திட்டத்தோடு உரசிப் பார்க்கிறார்கள். சமூகப்பணி, கல்வியியல் மாணவர்களுக்கும், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்களுக்கும், கிராமசபைக்கோ கலெக்டர் ஆபீஸுக்கோ மனு எழுதுகிறவர்களுக்கும் பயன்படும்படி, தப்பு குறைவாக ஒப்பிடும் வழி இது.

முதலில் பிள்ளை, பிறகு நாடு

நாடுகளின் பட்டியலோடு உட்காராதீர்கள். மூன்று பிள்ளைகளோடு உட்காருங்கள். நம் பக்கத்துக்குப் பொருந்தும் மூன்று மாதிரிகள்: 8 மாதக் கைக்குழந்தை, அம்மா ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். 30 மாதப் பிள்ளை, அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை பென்னாகரம் பக்கம் பாட்டியிடம். 50 மாதப் பிள்ளை, அஞ்செட்டி மலைக் கிராமம், வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது இருளர் மொழி, பால்வாடி டீச்சர் பேசுவது தமிழ்.

வயதை மாதத்தில் எழுதுவதில் காரணம் உண்டு. "3 வயது" என்றால் ஓரிடத்தில் 3 முடிந்தது, இன்னோரிடத்தில் 3 நடக்கிறது, வேறோரிடத்தில் பள்ளி ஆண்டு தொடங்கும்போது 3. மாதத்தில் எழுதினால் இந்தத் தகராறு வராது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஆறு கேள்வி. உரிமை யாருடையது, பிள்ளையுடையதா, வேலை பார்க்கும் பெற்றோருடையதா? எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை? ஆண்டுக்கு எத்தனை மணி? அறையில் இருக்கும் பெரியவர் யார், என்ன படித்தவர்? செலவு யார் தலையில்? யார் வந்து சோதிக்கிறார்கள்? பதில்களை நாட்டுக்கு ஒரு வரிசையாக அட்டவணையில் போட்டால், ஒரு நாட்டுக்கு 18 கட்டம், நான்கு நாட்டுக்கு 72. இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று வாரத்தில் முடிக்கலாம். பத்து நாடு எடுத்தால் 180 கட்டம். பாதி கட்டம் பாதி உண்மையோடு நிற்கும், அதனால் வேண்டாம்.

உலக வங்கியின் ஸேபர் போன்ற தயார்ச் சட்டகங்களும், 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் உலக வங்கியும் வெளியிட்ட ஐந்து கூறு கொண்ட பராமரிப்புச் சட்டகமும் கிடைக்கின்றன. அமைச்சகங்கள் தங்களையே மதிப்பிடுவதற்கு அவை சரி. நமக்கு, கடைசியில் எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க மட்டும் போதும்.

நம் வரிசைதான் கடினம்

பலரும் வெளிநாட்டு வரிசைகளை நிரப்பிவிட்டு "இந்தியா நமக்குத் தெரிந்ததுதானே" என்று கடைசியில் எழுதுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். நம் வரிசையில்தான் சிக்கல் அதிகம்.

சட்டத்தைப் படிக்கும்போது வினைச்சொல்லைத் தேடுங்கள். அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, 2002-ல் 86ஆம் திருத்தத்துக்குப் பிறகு, 6 வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் முன்பருவப் பராமரிப்பும் கல்வியும் தர அரசு "முயல வேண்டும்" என்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, 3 முதல் 6 வயதுக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்கிறது. அதே சட்டம் 6 முதல் 14 வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமை என்கிறது. செய்யலாம் என்பதற்கும் செய்தே ஆக வேண்டும் என்பதற்கும் நடுவில்தான் நம் 50 மாதப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அதே பிள்ளைக்குச் சாப்பாட்டில் உறுதியான உரிமை இருக்கிறது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 3 முதல் 6 வயதுக்கு அங்கன்வாடியில் காலைச் சிற்றுணவும் சூடான சமைத்த உணவும் சேர்த்து 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். 6 மாதம் முதல் 3 வயது வரை அதே அளவு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவாக. நம் ஊரில் அது சத்துமாவு. எடை குறைந்த பிள்ளைக்கு 800 கிலோ கலோரி. இவை 2013-ன் அளவுகள், 2023-ல் திருத்தினார்கள். ஆக, இங்கே சோறு சட்ட உரிமை, பாடம் நல்லெண்ணம். இதை உங்கள் அட்டவணையில் தனிக் கட்டமாகப் போடுங்கள். ஜப்பான் வரிசையில் இது அப்படியே திரும்பி நிற்கும்.

தமிழ்நாட்டை இந்தியாவிலிருந்து தனி வரிசையாகப் பிரியுங்கள். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 1980-ல் உலக வங்கி உதவியோடு தனக்கென ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் நடத்தியது, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. பால்வாடி சமூக நலத்துறையின் கீழ், பள்ளி கல்வித்துறையின் கீழ், கான்வென்ட்டின் எல்.கே.ஜி. தனியார் நிர்வாகத்தில். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் அந்தத் தனியார் எல்.கே.ஜி.யின் சில இடங்களுக்கு அரசு பணம் கட்ட வேண்டும். ஒரே ஊரில் ஒரே வயதுப் பிள்ளைகள் மூன்று கூரையின் கீழ். "இந்தியா: அங்கன்வாடி" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு ஸ்வீடனுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் ஒப்பீடு அங்கேயே சாய்ந்துவிடும்.

பள்ளிச் சேர்க்கை வயதும் இங்கே ஒன்றில்லை. தமிழ்நாட்டில் 5 முடிந்தால் 1ஆம் வகுப்பு. தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்வது 6. அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம் 6 வயதை நோக்கிப் போய்விட்டது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 4.2-ன் ஒரு குறியீடு "பள்ளியில் சேரும் வயதுக்கு ஓராண்டு முன்பு" பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறது. அந்த ஓராண்டு முன்பு என்பது தமிழ்நாட்டில் 4 வயது, பின்லாந்தில் 6 வயது. இரண்டு சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வயது இடைவெளியுள்ள பிள்ளைகளை.

நாட்டைத் தேர்வு செய்வது

தரவரிசையில் முதலில் இருப்பதை எடுக்க வேண்டாம். 2012-ல் எக்கனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் முன்பருவக் கல்வியில் 45 நாடுகளை வரிசைப்படுத்தியது. பின்லாந்து 1, இந்தியா 45. பலர் அந்த 45-ஐ இன்னும் மேடையில் சொல்கிறார்கள். எந்தக் கட்டத்தில் தோற்றோம், எதில் தோற்கவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. அது வந்தும் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

உங்கள் கேள்விக்குப் பொருந்தும் நாட்டை எடுங்கள். வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தை என்றால் ஸ்வீடனும் இங்கிலாந்தும். வீட்டு மொழி என்றால் நியூசிலாந்து. துறைகள் பிரிந்து கிடப்பது என்றால் ஜப்பான், தென்கொரியா, தென்னாப்பிரிக்கா. மாவட்ட அளவுக்கு அதிகாரம் இறங்கியது என்றால் கென்யா: 2010 அரசியலமைப்பு முன்தொடக்கக் கல்வியைக் கவுண்டி அரசுகளிடம் கொடுத்தது. பணக்கார நாடுகளோடு மட்டும் ஒப்பிட்டால் முடிவு எப்போதும் "பணம் போதாது" என்றுதான் வரும். அதற்கு ஒப்பீடே வேண்டியதில்லை. பிரேசிலைச் சேருங்கள். 2009-ல் அரசியலமைப்பைத் திருத்தி 4 வயதிலிருந்து கட்டாயம் ஆக்கி, 2016 வரை அவகாசம் கொடுத்தார்கள். கானா 2007-ல் இரண்டு ஆண்டு கிண்டர்கார்டனை இலவசக் கட்டாய அடிப்படைக் கல்விக்குள் கொண்டுவந்தது.

பெயர்களில் விழும் பள்ளம்

கிண்டர்கார்டன் என்ற ஒரே சொல் அமெரிக்காவில் 5 வயதில் சேரும் பள்ளி வகுப்பு, ஜெர்மனியில் 3 முதல் 6 வரை உள்ள மையம். நம் எல்.கே.ஜி.யில் கே என்பதும் அதே சொல்தான், வயது வேறு. ஸ்வீடனில் இன்னும் மோசம். 1 முதல் 5 வயதுக்கான இடம் ஃபோர்ஸ்கூலா. 6 வயதுக்கு, 2018 முதல் கட்டாயமான வகுப்பு ஃபோர்ஸ்கூலெக்லாஸ். கணினியில் மொழிபெயர்த்தால் இரண்டுமே "முன்பள்ளி" என்றுதான் வரும். இதைக் கவனிக்காமல் "ஸ்வீடனில் முன்பள்ளி கட்டாயம்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 4 வயதுப் பிள்ளைக்கு அங்கே எதுவும் கட்டாயமில்லை, உரிமை மட்டும்தான்.

ஆகவே நிறுவனத்தின் சொந்தப் பெயரை ஒலிபெயர்த்து எழுதி, பக்கத்திலேயே வயதை மாதத்தில் போடுங்கள். ஜப்பானில் யோச்சியென் கல்வி அமைச்சகத்தின் கீழ், ஹோய்குயென் பராமரிப்பு நிலையம், இரண்டையும் இணைத்த கோதோமோ-என் 2006 முதல். மூன்றையும் "நர்சரி" என்று தமிழில் தள்ளிவிட்டால் அங்குள்ள கொள்கைச் சண்டையே கண்ணில் படாது.

துறை மாறிய ஆண்டையும் குறியுங்கள். நியூசிலாந்து 1986, ஸ்வீடன் 1996, பின்லாந்து 2013: பராமரிப்பைக் கல்வித்துறைக்கு மாற்றினார்கள். தென்னாப்பிரிக்கா 2022 ஏப்ரல் 1, தென்கொரியா 2024 ஜூன். ஜப்பான் 2023 ஏப்ரலில் குழந்தைகளுக்கென்றே புது முகமையைத் தொடங்கி ஹோய்குயெனையும் கோதோமோ-எனையும் அங்கே கொண்டுபோனது, யோச்சியென் கல்வி அமைச்சகத்திலேயே நின்றுவிட்டது. துறை மாறும் ஆண்டில் பதிவேட்டு முறையும் மாறும். அந்த ஆண்டில் சேர்க்கை திடீரென்று ஏறினால், பிள்ளைகள் கூடினார்களா, எண்ணும் ஆள் மாறினாரா என்று பாருங்கள்.

உரிமை எவ்வளவு உறுதி

ஒரே அளவுகோலில் ஐந்து படி வைத்துக்கொள்ளுங்கள்: கட்டாயம், இடம் கேட்டு நீதிமன்றம் போகக்கூடிய உரிமை, அரசின் கடமை, மானியம், முயற்சி. பிரான்ஸ் 2019 செப்டம்பர் முதல் 3 வயதிலிருந்து கட்டாயம், முதல் படி. ஜெர்மனி 2013 ஆகஸ்ட் 1 முதல் 1 வயது முடிந்த பிள்ளைக்கு இட உரிமை, இரண்டாம் படி. அந்தப் படி எவ்வளவு உறுதி என்பது 2016-ல் தெரிந்தது. இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியாத பெற்றோர் இழந்த சம்பளத்தை இழப்பீடாகக் கேட்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் 45ஆம் பிரிவு ஐந்தாம் படி. ஆனால் 2006 டிசம்பர் 13-ல் நம் உச்ச நீதிமன்றம், 6 வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகளாவது இருந்து ஊரார் கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் ஐந்தாம் படியில், தீர்ப்பு மூன்றாம் படியில். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். சித்தேரி மலையிலோ தளிப் பக்கமோ 40 தேறாத குக்கிராமத்துக்கு அந்தத் தீர்ப்பு என்ன தந்தது என்பதும் ஒரு குறிப்பாக வரட்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் தேதி போடச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. பின்லாந்தில் முழுநேர இடம் எல்லாப் பிள்ளைக்கும் உரிமையாக இருந்தது. 2016-ல், பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ இல்லாத பிள்ளைக்கு வாரம் 20 மணி என்று சுருக்கினார்கள். 2020 ஆகஸ்டில் மறுபடி முழுதாகத் திறந்தார்கள். அதே நான்கு ஆண்டு இடைவெளியில் 3 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒரு பணியாளருக்கு 7 பிள்ளை என்பது 8 ஆகி, திரும்ப 7 ஆனது. 2018-ல் எழுதிய கட்டுரையை இன்று எடுத்து மேற்கோள் காட்டினால் இரண்டுமே தப்பு.

மணிக்கணக்கு

இங்கேதான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஆண்டு மணியாக மாற்றுங்கள்.

இங்கிலாந்தில் 3, 4 வயதுப் பிள்ளை எல்லாருக்கும் வாரம் 15 மணி, ஆண்டுக்கு 38 வாரம்: 570. ஸ்வீடனில் 3 வயதாகும் ஆண்டின் இலையுதிர் பருவம் முதல் 525 இலவசம். பின்லாந்தில் 6 வயதுக்கு 700. அங்கன்வாடிக்கு "300 நாள்" என்று எழுதத் தோன்றும், அது உணவுக்கான எண். கற்றலுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதற்குக் கடிகாரம்தான் வேண்டும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு மையம் 250 நாள் திறக்கிறது, பாட்டு, கதை, விளையாட்டுப் பொருள் என்று தினம் 2 மணி போகிறது. 500 மணி, ஸ்வீடனின் இலவச மணிக்குப் பக்கத்தில். அதே மையத்தில் டீச்சர் கணக்கெடுப்புக்கும் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு போடவும் போய், மிஞ்சுவது முக்கால் மணி என்றால் ஆண்டுக்கு 188. யுனெஸ்கோவின் கல்வி வகைப்பாடு ஒரு திட்டத்தை முன்பருவக் கல்வி என்று எண்ண, நாளுக்கு 2 மணி, ஆண்டுக்கு 100 நாளுக்கு இணையாகவாவது இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 200. முக்கால் மணி மையம் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும், பதிவேட்டில் அது தெரியாது.

அளக்கும் முறை: ஒரு மையத்தில் மூன்று நாள், முன்னறிவிப்புக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து. முதல் நாள் எல்லாம் அழகாக நடக்கும், அதைக் கழித்துவிடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரே சொல்லில் குறியுங்கள்: சாப்பாடு, தூக்கம், காத்திருப்பு, பாட்டு, சும்மா. காத்திருப்பு எவ்வளவு என்று பார்த்தால் டீச்சர்களே ஆச்சரியப்படுவார்கள்.

8 மாதக் குழந்தைக்கு வேறு கணக்கு. அம்மாவுக்கு 8 மணி ஷிப்ட், போக வர ஒரு மணி ஒரு மணி, வாரம் 6 நாள்: 60 மணி. ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 3,000 மணி. இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 2025 செப்டம்பர் முதல் 9 மாதக் குழந்தையிலிருந்தே வாரம் 30 மணி அரசு நிதி உண்டு. 30 பெருக்கல் 38, 1,140. தேவையில் பாதிகூட இல்லை, மிச்சத்துக்குக் கையிலிருந்து கட்ட வேண்டும். நம் குழந்தை 8 மாதம், அங்கேயும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஸ்வீடன் இதை மையத்தால் தீர்க்கவில்லை, விடுப்பால் தீர்த்தது: பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு, அதில் ஒவ்வொருவருக்கும் 90 நாள் மற்றவருக்கு மாற்ற முடியாதது. அதனால் 8 மாதக் குழந்தைக்கு மையத்தில் இடம் தேடும் அவசரமே அங்கு குறைவு. விடுப்புக் கட்டத்தை நிரப்பாமல் "கைக்குழந்தைச் சேர்க்கை விகிதம்" ஒப்பிட்டால், விடுப்பு நன்றாக உள்ள நாடு பின்தங்கியதாகத் தெரியும்.

நிரப்பிய ஒரு கட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி:

ஸ்வீடன், 50 மாதம், மணியும் செலவும். ஆண்டுக்கு 525 மணி இலவசம். அதற்கு மேல் கட்டணம் பெற்றோர் வருமானப்படி, 2002 முதல் உச்சவரம்புடன். கேட்ட 4 மாதத்துக்குள் நகராட்சி இடம் தர வேண்டும். சட்டம்: 2010 கல்விச் சட்டம். படி: 2. சட்ட வாசகம் பார்த்த தேதி. இரண்டாவது ஆதாரம். சந்தேகம்: நடைமுறையில் காத்திருப்பு நகரத்துக்கு நகரம்.

"சந்தேகம்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். காலியாக விடாதீர்கள். "இல்லை", "பொருந்தாது", "கிடைக்கவில்லை" மூன்றும் வேறு வேறு. காலிக் கட்டத்தைப் படிப்பவர் "இல்லை" என்றே எடுத்துக்கொள்வார்.

இலவசம் என்றால் எது இலவசம்

ஜப்பான் 2019 அக்டோபரிலிருந்து 3 முதல் 5 வயது வரை கட்டணத்தை நீக்கியது. 3 வயதுக்குக் கீழே, உள்ளூர் வரி விலக்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும். மதிய உணவுச் செலவு அந்த இலவசத்தில் சேரவில்லை, பெற்றோர் கட்ட வேண்டும். முன்பு சொன்ன திருப்பம் இதுதான்: அங்கே பாடம் இலவசம் சோறு காசு, இங்கே சோறு உரிமை பாடம் நல்லெண்ணம். "இரண்டு நாட்டிலும் இலவசம்" என்று ஒரு டிக் போட்டுவிட்டால் இரண்டுமே மறைந்துவிடும்.

பணத்தை ஒப்பிடும்போது டாலர் மாற்று விலையில் ரூபாயாக்காதீர்கள். வாங்கும் திறன் விலையில் மாற்றிய எண்ணையே எடுங்கள், இல்லையென்றால் டீச்சர் சம்பளத்தில் பாதி வித்தியாசம் நாணய வித்தியாசமாகவே இருக்கும். நம் அங்கன்வாடிச் செலவு கல்விப் பட்ஜெட்டில் வராது, பெண்கள் குழந்தைகள் நலத் துறையில் வரும். பொதுவாக மத்திய, மாநிலப் பங்கு 60:40, துணை உணவுக்கு 50:50. முன்தொடக்கக் கல்விச் செலவு என்று சர்வதேச அட்டவணையில் இந்தியாவுக்குச் சின்ன எண் தெரிந்தால், அங்கன்வாடி உள்ளே இருக்கிறதா என்று அடிக்குறிப்பைத் தேடுங்கள்.

அறையில் எத்தனை பெரியவர்

விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். பின்லாந்தில் முழுநாள் இருக்கும் 3 வயதுக்கு மேற்பட்ட 7 பிள்ளைக்கு ஒருவர், அதற்குக் கீழே 4-க்கு ஒருவர். ஒரு குழுவில் மூன்று பணியாளருக்கான பிள்ளைகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது, ஆக 21. இங்கிலாந்தில் 2 வயதுக்கு 4 ஆக இருந்ததை 2023 செப்டம்பரில் 5 ஆக்கினார்கள். ஜப்பானில் 4, 5 வயதுக்கு 30 ஆக இருந்து 2024-ல் 25 ஆனது. "வளர்ந்த நாடு என்றால் குறைந்த விகிதம்" என்பது இங்கே உடைகிறது.

நம் பால்வாடியில் டீச்சரும் ஆயாவும். பதிவேட்டில் 25 பிள்ளை என்றால் 25-க்கு 2 என்று எழுதிவிடலாம். பதினொரு மணிக்கு ஆயா அடுப்படியில் இருப்பார். அன்றைக்கு டீச்சருக்கு மீட்டிங் என்றால் விகிதம் 25-க்குப் பூஜ்யம், அடுப்புப் பக்கத்திலேயே. எனவே 10.30, 12.30, 2.30 மூன்று நேரம் அறைக்குள் நிற்கும் பெரியவர்களை எண்ணி எழுதுங்கள். வெளிநாட்டு எண் சட்டத்திலிருந்து வருவது, நம் எண் கண்ணால் பார்த்தது. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போடாமல் "சட்டம்", "கண்டது" என்று பிரித்துவிடுங்கள். பின்லாந்துக்குக் "கண்டது" கட்டத்தில் "கிடைக்கவில்லை" என்றே இருக்கட்டும்.

தரத்தை அளக்க அமெரிக்க அளவுகோலைத் தூக்கிவர வேண்டாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டு மையங்களுக்கென்றே டெசர்ஸ் என்ற மதிப்பீட்டு அளவுகோலை உருவாக்கியிருக்கிறது. குடிநீர், கழிப்பறை, விளையாட்டுப் பொருள், டீச்சர் பேசும் விதம் என்று நம் மையத்தில் இருக்கக்கூடியதை வைத்து அளப்பது.

தகுதிக் கட்டத்தில் பட்டத்தை மட்டும் எழுதினால் போதாது. பின்லாந்தின் 2018 சட்டப்படி 2030-க்குள் பணியாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் இத்துறைப் பட்டதாரிகளாக இருக்க வேண்டும். நம் அங்கன்வாடிப் பணியாளர் மத்திய அரசின் ஏட்டில் இன்றும் மதிப்பூதியப் பணியாளர். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில்தான் சொன்னது. "பயிற்சி போதவில்லை" என்று எழுதும் முன் சம்பளக் கட்டத்தைப் பாருங்கள்.

வீட்டு மொழி

நியூசிலாந்தின் தே ஃபாரிக்கி பாடத்திட்டம் 1996-ல் வந்தது, 2017-ல் திருத்தினார்கள். மாவோரி மொழியும் ஆங்கிலமும் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டு "நமக்கும் இருமொழிப் பாடத்திட்டம் வேண்டும்" என்று பரிந்துரை எழுதுவது எளிது. ஆனால் அங்கே மாவோரி மொழி பிள்ளைகள் வாயில் திரும்ப வந்தது பாடத்திட்டத்துக்கும் முன்னால், 1982-ல் தொடங்கிய கோஹங்கா ரேயோ என்ற மொழிக்கூடுகளில். மொழி தெரிந்த தாத்தா பாட்டிகளைப் பிள்ளைகளோடு உட்கார வைத்தது மாவோரிச் சமூகமே. ஆள் முதலில், ஏடு பிறகு.

எனவே மொழிக் கட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள்: கொள்கை வாசகம், கையில் உள்ள பொருள், அறையில் உள்ள ஆள். தேசியக் கல்விக் கொள்கையும் 2022-ல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டமும் வீட்டு மொழியை ஆதரிக்கின்றன, முதல் பகுதி நிறைந்துவிடும். அஞ்செட்டியில், தளியில், பென்னாகரம் மலைப் பக்கத்தில் இரண்டாவது பகுதியும் மூன்றாவதும் என்ன என்று போய்ப் பாருங்கள். டீச்சருக்கு மொழி தெரியாமல் ஆயாவுக்குத் தெரிந்திருப்பது உண்டு. அப்படியென்றால் கதை சொல்லும் நேரம் அடுப்படி நேரத்தோடு மோதக் கூடாது. பரிந்துரை அந்த அளவுக்குச் சின்னதாக இருக்கலாம்.

எண்ணிக்கைகளில் ஏமாறும் இடங்கள்

கான்வென்ட் வேனில் போகும் பிள்ளையின் பெயர் பால்வாடி ரெஜிஸ்டரிலும் இருக்கும். இரண்டையும் கூட்டினால் சேர்க்கை 100-ஐத் தாண்டும். பெங்களூருக்குப் போன குடும்பத்தின் பிள்ளை இங்கே பெயராகவும் அங்கே ஆளாகவும் இருக்கும், அல்லது எங்கேயும் இருக்காது. நம் 30 மாதப் பிள்ளை அந்த வகை.

சதவீதம் போட வகுக்கும் மொத்தம், அதாவது கீழ்எண், இன்னும் பழசு. கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. அன்றைக்குத் தர்மபுரி 15.07 லட்சம், கிருஷ்ணகிரி 18.80 லட்சம். அதில் 0–6 என்று எண்ணப்பட்ட பிள்ளைகளில் பெரியவர்கள் இன்று ஓட்டுப் போடும் வயதில். அந்த 0–6-லும் ஒரு பொறி. கணக்கெடுப்பில் அது 7 வயது நிரம்பாத எல்லாரும், அதாவது ஏழு ஆண்டுப் பிள்ளைகள். அங்கன்வாடியின் 0–6 என்பது 72 மாதம் வரை, ஆறு ஆண்டுப் பிள்ளைகள். ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஏழில் ஒரு பங்கு பிள்ளைகள் "விடுபட்டவர்கள்" ஆகிவிடுவார்கள். 2004 பிப்ரவரிக்கு முந்தைய தர்மபுரி எண்ணில் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருக்கும், பழைய அட்டவணை கிடைத்தால் அதையும் பாருங்கள்.

மனுவாக மாற்றும்போது

72 கட்டத்தைக் கிராமசபையில் யாரும் படிக்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு கோரிக்கை. அதை யாரால் செய்ய முடியும் என்று பிரியுங்கள். ஊராட்சியால் முடிந்தது தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், கட்டடப் பழுது. மாவட்டத்தால் முடிந்தது காலியிடம், மீட்டிங் நாள், மையம் திறக்கும் நேரம் பற்றிய பரிந்துரை. மணி நேரத்தையும் சம்பளத்தையும் சேர்க்கை வயதையும் ஊராட்சித் தலைவரிடம் கேட்டுப் பயனில்லை, அது சென்னைக்கும் டெல்லிக்கும் போக வேண்டியது.

8 மாதக் குழந்தையின் பக்கத்தில் வெளிநாட்டு உதாரணமே தேவைப்படாமல் போகலாம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க விட வேண்டும். 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே 50-ஐச் சொல்கிறது. மனுவில் கேட்க வேண்டியவை: அந்த 50-ல் ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணினார்களா, காப்பகம் இரண்டாம் ஷிப்ட் முடியும் வரை திறந்திருக்கிறதா, எத்தனை மாதக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், பாலூட்ட இடம் எங்கே, பார்த்துக்கொள்பவர் எத்தனை பேர். ஐந்துக்கும் பதிலை எழுத்தில், தேதியோடு கேளுங்கள். பதில் வந்ததும் முதல் பிள்ளையின் "கண்டது" நெடுவரிசையை நிரப்பிவிடலாம்.